மதுரையில் பிறந்தவரும் மறை எண்ணின் வர்க்கமூலமும்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழவுள்ள பாடசாலைகளில் க.பொ.த. உயர்தர வகுப்பில் இணைந்த கணிதம் கற்கும் மாணவர்கள் எல்லோரும் ஒரு நாள் ஒரு விசித்திரமான இடத்துக்கு வந்து சேர்கின்றனர். சாதாரண தர வகுப்புவரை, இருபடிச் சமன்பாடு ஒன்றைத் தீர்க்கும்போது வர்க்கமூலக் குறியின் கீழே மறை எண் வந்துவிட்டால், தீர்வு இல்லை என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்லலாம். உயர்தர வகுப்பிலோ அதே சமன்பாட்டுக்கு இரண்டு தீர்வுகள் உண்டு என்று கூறப்படுகிறது. அவற்றுக்குச் சிக்கலெண்கள் என்ற பெயரும் சூட்டப்படுகிறது. நேற்றுவரை இல்லாதிருந்த தீர்வு இன்று எங்கிருந்து வந்தது? இவ்வினாவை எழுப்பும் மாணவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது விடையன்று. மனனம் செய்வதற்கான ஒரு சூத்திரமே.

இதே வினாவை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் விடாமல் தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் உண்டு. அவர் பிறந்த ஊர் மதுரை. பெயர் அகஸ்டஸ் டி மோர்கன். தருக்கவியலில் டி மோர்கன் விதிகள் என்று இன்று கணினி பயிலும் ஒவ்வொருவரும் படிக்கும் விதிகள் அவர் பெயரால் வழங்குபவை. எனினும் மறை எண்ணின் வர்க்கமூலத்துக்குப் பொருள் தேடி அவர் நடந்த வழி, அந்த விதிகளின் அளவுக்கு நம்மவர்களிடையே பேசப்பட்டதில்லை. அதை எடுத்துரைப்பதே நமது நோக்கம்.

திருகோணமலைக்கும் அவருடைய பிறப்புக்கும் இடையே வரலாற்றின் இழை ஒன்று ஓடுகிறது. 1795ஆம் ஆண்டில் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலைக் கோட்டையைக் கைப்பற்றியது, ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையிலிருந்து அனுப்பிய படையாகும். அந்தக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரியாகப் பணியாற்றியவரே அகஸ்டஸின் தந்தை ஜான் டி மோர்கன். வங்கக் கடலின் இரு கரைகளையும் ஒரே படை காவல் செய்த காலம் அது.

1806 ஜூன் 27ஆம் நாள் மதுரையில் குழந்தை பிறந்தது. சரியாக இரண்டு வாரங்கள் கூட நிறைவதற்குள், ஜூலை 10ஆம் நாள், வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். பிறந்த சிறிது காலத்திலேயே குழந்தையின் வலது கண் நோயினால் பார்வையை இழந்தது. ஏழு மாதக் குழந்தையாக இருந்தபோதே குடும்பம் கப்பலேறி இங்கிலாந்து சென்றது. அதன்பின் டி மோர்கன் தாம் பிறந்த ஊரைக் கண்டதில்லை. தந்தை மட்டும் பணியின் பொருட்டு இந்தியாவுக்கு மீண்டும் வந்தார். 1816இல் நாடு திரும்பும் கடற்பயணத்தின்போதே காலமானார். அப்போது மகனுக்கு வயது பத்து.

அதே 1806இல் பாரிஸ் நகரில் ஆர்கண்ட் என்பவர் ஆசிரியர் பெயர்கூட அச்சிடாமல் ஒரு சிறு நூலை வெளியிட்டார். மறை எண்களின் வர்க்கமூலங்களைத் தாளில் கோடுகளாக வரைந்து காட்டலாம் என்பதே அதன் சாரம். பிற்காலத்தில் அந்தக் கருத்தின் மீது பெரியதோர் இயற்கணிதத்தைக் கட்டியெழுப்பப் போகிறவர் அவ்வாண்டிலேயே மதுரையில் தொட்டிலில் கிடந்தார் என்பது வெறும் தற்செயல்தான். ஆயினும் சுவையான தற்செயல்.

பள்ளியில் அவர் விளையாட்டில் சேராத பிள்ளை. ஒற்றைக் கண்ணால் பந்தின் தொலைவை மதிப்பிட இயலாது. கணிதத்தில் அவருக்கு இயல்பான நாட்டம் இருப்பதும் பதின்மூன்று, பதினான்கு வயதுவரை எவருக்கும் தெரியவில்லை. யூக்ளிட்டின் நூலிலிருந்த வடிவம் ஒன்றை அவர் அளவுகோலும் கவராயமும் கொண்டு அழகாக வரைந்துகொண்டிருந்ததைக் கண்ட குடும்ப நண்பர் ஒருவர், வடிவியல் என்பது படம் வரைவதன்று, நிறுவுவது என்று விளக்கினார். அதன்பின் எவரும் அவரைத் தூண்ட வேண்டியிருக்கவில்லை. 1823இல் பதினாறு வயதில் கேம்பிரிட்ஜ் திரினிற்றிக் கல்லூரியில் சேர்ந்தார். 1827இல் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றார்.

அங்கேதான் அவர் வாழ்க்கையின் முதல் திருப்பம் நிகழ்ந்தது. முதுகலைப் பட்டம் பெறவும் கல்லூரியில் ஆய்வாளர் பதவி பெறவும், இங்கிலாந்துத் திருச்சபையின் கோட்பாடுகளை ஏற்பதாகக் கையொப்பமிட வேண்டும் என்பது அக்கால விதி. தாம் முழுமையாக நம்பாத ஒன்றின் கீழ்க் கையொப்பமிட டி மோர்கன் மறுத்தார். பலரும் அதை ஒரு சடங்காகக் கருதிக் கையொப்பமிட்டுச் சென்றனர். அவரால் இயலவில்லை. கேம்பிரிட்ஜின் கதவு அடைபட்டது. வேறு வழியின்றிச் சட்டம் படிக்க இலண்டன் சென்றார்.

நற்காலமாக, சமயச் சோதனை எதுவுமின்றி மாணவரையும் ஆசிரியரையும் ஏற்கும் புதிய பல்கலைக்கழகம் ஒன்று அப்போது இலண்டனில் உருவாகிக்கொண்டிருந்தது. இன்று இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி என்று வழங்கும் நிறுவனம் அது. 1828இல் அதன் முதற் கணிதப் பேராசிரியராக டி மோர்கன் தெரிவு செய்யப்பட்டார். வயது இருபத்தொன்று. மூன்றாண்டுகளில், சக பேராசிரியர் ஒருவரை நிருவாகம் முறையாக நடத்தாமல் பதவி நீக்கியதைக் கண்டித்துப் பதவி விலகினார். அவருடைய இடத்துக்கு வந்தவர் 1836இல் நீரில் மூழ்கி இறந்தபோது, மாணவர்கள் நடுவாண்டில் தவிக்கக் கூடாது என்று திரும்பி வந்து, அடுத்த முப்பது ஆண்டுகள் அங்கேயே கற்பித்தார்.

அவரை வாட்டிய கணக்கு எது என்பதை, குச்சவெளிக் கரையில் வலை உலர்த்தும் இடம் ஒன்றைக் கொண்டு விளக்கலாம். இருபது மீற்றர் கயிறு இருக்கிறது. அதைக் கொண்டு செவ்வக வடிவில் ஓர் இடத்தை வளைக்க வேண்டும். அப்படியாயின் நீளமும் அகலமும் சேர்ந்து பத்து மீற்றர். பரப்பு 21 சதுர மீற்றர் வேண்டுமென்றால் என்ன செய்வது? நீளம் ஐந்தைவிட எவ்வளவு கூடுகிறதோ, அகலம் ஐந்தைவிட அவ்வளவு குறையும். ஆகவே பரப்பு, இருபத்தைந்திலிருந்து அந்த வேறுபாட்டின் வர்க்கத்தைக் கழித்தால் வருவது. 25இலிருந்து 4ஐக் கழித்தால் 21. நான்கின் வர்க்கமூலம் 2. எனவே பக்கங்கள் 7உம் 3உம். பரப்பு 25 வேண்டுமென்றால் வேறுபாடு பூச்சியம். இரு பக்கங்களும் ஐந்து. பரப்பு 30 வேண்டுமென்றால்? வேறுபாட்டின் வர்க்கம் மறை 5 ஆக வேண்டும். பக்கங்கள் 5 கூட்டல் √−5, 5 கழித்தல் √−5. கயிறு இருபது மீற்றர்தான். அப்படி ஓர் இடத்தை எவராலும் வளைக்க முடியாது. ஆனால் அந்த இரண்டு விடைகளையும் கூட்டிப் பார்த்தால் பத்து வருகிறது. பெருக்கினால், 25 கழித்தல் மறை 5, அதாவது முப்பது வருகிறது. கேட்டதெல்லாம் நிறைவேறிவிட்டது. இடம் மட்டும் இல்லை.

இந்த முரண் புதியதன்று. கி.பி. 850 அளவில் கன்னட நாட்டில் வாழ்ந்த சமண அறிஞர் மகாவீரர் தமது கணித சார சங்கிரகம் என்னும் நூலில், மறை எண் எந்த எண்ணின் வர்க்கமாகவும் இராது, ஆதலால் அதற்கு வர்க்கமூலம் இல்லை என்று தெளிவாகக் கூறிவிட்டார். 12ஆம் நூற்றாண்டின் பாஸ்கரரும் அவ்வாறே கருதினார். 1545இல் இத்தாலியின் கார்டானோ, பத்தை இரண்டாகப் பிரித்துப் பெருக்கினால் நாற்பது வர வேண்டும் என்னும் கணக்கை எடுத்துக்கொண்டு, √−15 தோன்றும் விடையை எழுதிச் சரிபார்த்தார். நுட்பமானது, ஆனால் பயனற்றது என்று கைவிட்டார். சில பத்தாண்டுகளில் பொம்பெல்லி, முப்படிச் சமன்பாடுகளில் இத்தகைய எண்களின் வழியாகச் சென்றால் உண்மையான விடைகளுக்கு வந்து சேரலாம் என்று காட்டினார். 1637இல் டெக்கார்ட்டு இவற்றைக் கற்பனை என்று அழைத்தார். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மாணவரை இன்றளவும் அச்சுறுத்தும் பெயர் அது.

மகாவீரர் தவறு செய்தார் என்று நாம் கருதவில்லை. அவர் அறிந்த எண்களுக்குள் அவருடைய கூற்று முற்றிலும் சரி. இல்லாததை இல்லை என்று சொல்வதும் கணிதமே. பிற்காலத்தவர் செய்தது, எண் என்னும் சொல்லின் எல்லையை நகர்த்தியதுதான்.

டி மோர்கன் 1831இல் கணிதக் கல்வியின் இடர்ப்பாடுகள் குறித்து ஒரு நூல் எழுதினார். அதில் மறை எண்ணும் கற்பனை எண்ணும் ஒரே தரத்தவை, இரண்டும் கேள்வியில் உள்ள கோளாற்றின் அறிகுறிகள் என்ற நிலையையே எடுத்தார். அவர் தந்த எடுத்துக்காட்டு புகழ்பெற்றது. தந்தைக்கு வயது 56, மகனுக்கு 29. தந்தையின் வயது மகனின் வயதைப் போல் இருமடங்காவது எப்போது? கணக்கைச் செய்தால் விடை மறை 2 ஆண்டுகள். இனி வரும் இரண்டு ஆண்டுகள் அல்ல, கடந்துபோன இரண்டு ஆண்டுகள் என்று பொருள். அப்போது தந்தைக்கு 54, மகனுக்கு 27. கேள்வியைத் திருத்திக் கேட்டால் மறைக்குறி மறைந்துவிடும். மறை எண்ணை இவ்விதம் மீட்டுவிடலாம். கற்பனை எண்ணை அப்படி மீட்க வழி அன்று அவருக்குப் புலப்படவில்லை.

இதனை அவருடைய குடும்பச் சூழலோடு சேர்த்து நோக்குதல் வேண்டும். 1837இல் அவர் மணந்த சோபியாவின் தந்தை வில்லியம் பிரெண்ட். இவரும் சமயக் கருத்துகளுக்காகக் கேம்பிரிட்ஜிலிருந்து வெளியேற்றப்பட்டவர். 1796இல் இவர் எழுதிய இயற்கணித நூலில் மறை எண்களையே அடியோடு ஏற்க மறுத்தார். ஒன்றுமில்லாததிலிருந்து எப்படிக் கழிப்பது என்பது அவர் வாதம். மாமனாருக்கு மறை எண்ணே ஆகாது. மருமகனோ மறை எண்ணின் வர்க்கமூலத்துக்கு இருப்பிடம் தேடுகிறார். இருவருக்கும் இடையே நல்லுறவு நிலவியது. பொருள் விளங்காத குறியை ஏற்கமாட்டேன் என்ற பிரெண்டின் பிடிவாதத்தை மருமகன் எள்ளி நகையாடவில்லை. அந்தப் பிடிவாதத்துக்கு முறையான விடை தருவதே தம் கடமை என்று எடுத்துக்கொண்டார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

கேம்பிரிட்ஜில் அவருக்குக் கற்பித்த ஜார்ஜ் பீகொக், இயற்கணிதத்தின் குறிகளை அவற்றின் பொருளிலிருந்து பிரித்து, விதிகளை மட்டும் கொண்டு இயக்கலாம் என்று 1830இல் எழுதியிருந்தார். டி மோர்கன் இதைப் பற்றிக்கொண்டு மேலும் சென்றார். 1839 முதல் 1844 வரை இயற்கணிதத்தின் அடித்தளம் பற்றி நான்கு கட்டுரைகள் எழுதினார். முதலில் குறிகள், அவற்றைச் சேர்க்கும் விதிகள். பிறகே அவற்றுக்குப் பொருள். ஒரே விதித்தொகுதிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் பொருந்தலாம். எண்ணிக்கை என்ற பொருளில் அபத்தமாகத் தோன்றும் குறி, வேறொரு பொருளில் இயல்பாக இருக்கலாம். இவ்வாறு சிந்தித்தபின் மறை எண்ணின் வர்க்கமூலம் அவரைப் பயமுறுத்தவில்லை. 1849இல் வெளிவந்த திரிகோண கணிதமும் இரட்டை இயற்கணிதமும் என்னும் அவருடைய நூலில் இக்கருத்து முழு வடிவம் பெற்றது. இரட்டை என்பது ஏன்? ஒவ்வொரு குறியும் நீளம், திசை என்னும் இரண்டையும் ஒருங்கே சுமப்பதனால்.

கொட்டியார் விரிகுடாவில் ஒரு படகை எண்ணிக்கொள்வோம். கிழக்கு நோக்கிச் செல்வதை நேர் என்றும் மேற்கு நோக்கிச் செல்வதை மறை என்றும் வைத்துக்கொள்வோம். மறை ஒன்றால் பெருக்குவது என்றால் படகை முழுவதுமாகத் திருப்பிவிடுவது. இப்போது வினா: எந்தத் திருப்பத்தை இருமுறை செய்தால் கிழக்கு மேற்காகும்? இடப்புறம் ஒரு செங்கோணம் திருப்பினால் படகு வடக்கு நோக்கும். மீண்டும் அதே திருப்பம், மேற்கு நோக்கும். ஆகவே மறை ஒன்றின் வர்க்கமூலம் என்பது இடப்புறச் செங்கோணத் திருப்பம். வலப்புறமாக இருமுறை திருப்பினாலும் மேற்கே வரும்; அது மற்றொரு மூலம். கூட்டலும் கழித்தலுமாக இரு விடைகள் ஏன் வருகின்றன என்பதும் இங்கே தெளிவாகிறது. படகோட்டிக்கு இதில் கற்பனை எதுவும் இல்லை.

முன் கண்ட கயிற்றுக் கணக்கின் விடைகளை இப்படிப் பார்ப்போம். ஒன்று, கிழக்கே ஐந்து அலகும் வடக்கே ஏறத்தாழ 2.24 அலகும் சென்ற இடம். மற்றது, கிழக்கே ஐந்தும் தெற்கே அதே 2.24உம். இரண்டையும் கூட்டினால் வடக்கும் தெற்கும் ஒன்றையொன்று அழிக்க, கிழக்கே பத்து எஞ்சும். பெருக்கும்போது நீளங்கள் பெருகும், கோணங்கள் கூடும். இரு நீளங்களும் முப்பதின் வர்க்கமூலம். ஒன்றின் கோணம் இடப்புறம், மற்றதன் கோணம் அதே அளவு வலப்புறம். ஆதலால் விடை நேர்கிழக்கே முப்பது. கயிற்றால் வளைக்க முடியாத இடம், கடலில் இரண்டு புள்ளிகளாகக் கிடைத்துவிட்டது. வலை உலர்த்துபவருக்கு இதனால் ஒரு சாண் நிலமும் கூடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருபடிச் சமன்பாட்டுக்குத் தீர்வு உண்டா என்ற வினாவுக்கு, எதை அளக்கப் போகிறீர்கள் என்று தெரியாமல் விடை கூற இயலாது.

கோடுகளாக வரையும் கருத்து டி மோர்கனுக்கே உரியதன்று. வெசல், ஆர்கண்ட், காஸ் ஆகியோர் அவருக்கு முன்னரே அதைக் கண்டிருந்தனர். குறியும் விதியும் பொருளும் தனித்தனி என்பதை முறையாக வகுத்து, அந்த ஒழுங்கில் கற்பிக்கலாம் என்று காட்டியதே அவர் பங்கு. அவருடைய நெடுநாள் கடித நண்பர் ஹாமில்டன் 1843இல் நான்கு கூறுகள் கொண்ட புதிய எண்களைக் கண்டறிந்தபோது, டி மோர்கனும் மூன்று கூறுகள் கொண்ட இயற்கணிதங்களை அமைத்துப் பார்க்க முற்பட்டார். அம்முயற்சி பெரிதாகப் பலன் தரவில்லை. பிற்காலத்தில் 1893இல் ஸ்டெயின்மெட்ஸ் மாறுமின்னோட்டக் கணக்குகளுக்குச் சிக்கலெண்களைப் பயன்படுத்தினார். இன்று மின்பொறியியல் பயிலும் எவரும் அவை இன்றி ஓரடி எடுத்துவைக்க இயலாது.

தமது வயதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு அவர் ஒரு புதிர் போடுவது வழக்கம். தம் வயதின் வர்க்கம் எந்த ஆண்டோ, அந்த ஆண்டில் தமக்கு அந்த வயது என்பார். வயதின் வர்க்கத்திலிருந்து வயதைக் கழித்தால் பிறந்த ஆண்டாகிய 1806 வர வேண்டும். வர்க்கத்தைப் பூர்த்தி செய்தால், வயதிலிருந்து அரையைக் கழித்து வர்க்கித்தது 1806.25; அதன் வர்க்கமூலம் 42.5. எனவே வயது 43, ஆண்டு 1849. இரட்டை இயற்கணித நூல் வெளிவந்த ஆண்டே அது. மாணவர்கள் மற்ற விடையைக் குப்பையில் போட்டுவிடுவர். அது மறை 42. அவர் பிறப்பதற்கு 42 ஆண்டுகளுக்கு முன்னர் என்று கொண்டால், ஆண்டு 1764. 42இன் வர்க்கமும் 1764தான்.

இனி நாம் கூறப்போவது, அவர் வாழ்க்கையில் நமக்கு மிக நெருக்கமாகப்படும் பகுதி. தில்லிக் கல்லூரியில் இராமச்சந்திரா என்றோர் இளம் ஆசிரியர் இருந்தார். 1821இல் பானிபட்டில் பிறந்தவர்; மேனாட்டு அறிவியலை உருது மொழியில் கற்பித்தவர். பெரும, சிறுமப் பெறுமானங்களைக் காண நுண்கணிதம் தேவை என்று எல்லோரும் எண்ணியிருந்த காலத்தில், இருபடிச் சமன்பாடே போதும் என்று இவர் 1850இல் கல்கத்தாவில் ஒரு நூல் வெளியிட்டார். அவருடைய உத்தி நமது கயிற்றுக் கணக்கிலேயே ஒளிந்திருக்கிறது. பரப்பு 25ஐத் தாண்டியவுடன் வர்க்கமூலக் குறியின் கீழ் மறை எண் வந்துவிடுகிறது. அப்படியானால் பெரும பரப்பு 25. தீர்வு எங்கே இல்லாமற் போகிறதோ அங்கேதான் உச்சம். பிறர் எல்லாம் வழக்கற்றது என்று ஒதுக்கிய மூலங்களை எல்லைக்கல்லாக ஆக்கிவிட்டார் இந்தத் தில்லி ஆசிரியர்.

கல்கத்தாவில் அந்நூலுக்குக் கிடைத்தது பெரும்பாலும் அலட்சியமே. ஆங்கில அதிகாரியான பெத்தூன் அதன் பிரதியை இலண்டனில் டி மோர்கனுக்கு அனுப்பினார். டி மோர்கன் அதைப் படித்து, கம்பெனியின் இயக்குநர் சபையுடன் கடிதத் தொடர்பு கொண்டு, இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பரப்புவதற்காக அவர்கள் செலவிலேயே 1859இல் இலண்டனில் மறுபதிப்பு வெளிவரச் செய்தார். தாமே ஒரு நீண்ட முன்னுரையும் எழுதினார். பாஸ்கரர் முதலியோரின் மரபில் இந்தியர்க்கு இயற்கணிதம் இயல்பானது, அவர்களுடைய மேற்கல்வி அந்த வேரிலிருந்தே தளிர்க்க வேண்டும், ஐரோப்பியப் பாடத்தை அப்படியே கொண்டு திணிக்கக் கூடாது என்பது அதன் கருத்து. இடையில் 1857 வந்துபோயிருந்தது. கிறித்தவராக மாறியிருந்த இராமச்சந்திரா அந்தக் கலவரத்தில் உயிர்தப்பியிருந்தார். கம்பெனியின் ஆட்சியும் 1858இல் முடிவுற்றது. டி மோர்கன் எதிர்பார்த்தவாறு அந்நூல் இந்திய வகுப்பறைகளில் வேரூன்றவில்லை. அவருடைய முன்னுரையில் ஆளுவோரின் தொனி அங்கங்கே கேட்கிறது என்பதும் உண்மையே. எனினும் ஓர் இந்திய ஆசிரியரின் கணிதத்தைக் கணிதமாக எடைபோட்டு, உரிய மதிப்பளிக்க அன்றைய இலண்டனில் முன்வந்தவர் அவர்.

நம் பக்கத்திலும் அதே காலத்தில் முயற்சிகள் இல்லாமல் இல்லை. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரியில் உயர்கணிதம் கற்பிக்கப்பட்டது. அங்கே பயின்ற கரோல் விசுவநாதபிள்ளை, 19ஆம் நூற்றாண்டின் நடுவில், வீசகணிதம் என்னும் இயற்கணித நூலைத் தமிழில் எழுதினார். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் பட்டமளித்த முதல் இருவரில் ஒருவர் இவர், மற்றவர் சி.வை. தாமோதரம்பிள்ளை. பின்னர் திருகோணமலை இந்துக் கல்லூரியின் பொறுப்பை ஏற்றிருந்த சுவாமி விபுலானந்தர், தாமே அறிவியல் பட்டதாரியாதலால், 1930களில் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்கப் பணியில் முன்னின்றார். ஒரு சொல் மாணவரின் மனத்தில் என்ன படத்தை எழுப்பும் என்பது சிறிய விடயமன்று. இலங்கையில் சிக்கலெண் என்கிறோம். தமிழகப் பாடநூல்கள் கலப்பெண் என்கின்றன. முன்னதைக் கேட்ட பிள்ளை முடிச்சு ஒன்றை எதிர்பார்க்கும். பின்னதைக் கேட்ட பிள்ளை இரண்டு பொருள் சேர்ந்திருப்பதை எதிர்பார்க்கும். டி மோர்கனின் இரட்டை என்ற சொல்லுக்கு அண்மையில் நிற்பது கலப்பெண்ணே என்பது நமது கருத்து. கற்பனை என்ற சொல்லை மட்டும் இரு கரையிலும் எவரும் கைவிடவில்லை.

அவருடைய மற்றப் பணிகளை விரைவாகவே சொல்லிச் செல்லலாம். 1838இல், நீண்ட காலமாகப் பயன்பட்டுவந்த நிறுவல்முறை ஒன்றுக்குக் கணிதத் தொகுத்தறிதல் என்ற பெயர் நிலைக்கக் காரணமானார். 1840, 1841 ஆண்டுகளில் அடா லவ்லேசுக்குக் கடித வாயிலாக உயர்கணிதம் கற்பித்தார். 1847இல் முறைசார் தருக்கம் பற்றிய நூலை வெளியிட்டார். பூலின் தருக்க நூலும் அவ்வாண்டிலேயே வந்தது. பொதுமக்களுக்கான மலிவுவிலைக் கலைக்களஞ்சியத்துக்கு நூற்றுக்கணக்கான கட்டுரைகள் எழுதினார். புல்லாங்குழல் நன்றாக வாசிப்பார். அரச கழகத்தில் உறுப்பினராக விரும்பியதில்லை. எடின்பரோப் பல்கலைக்கழகம் தரவிருந்த கௌரவப் பட்டத்தையும் மறுத்தார். 1865இல் இலண்டன் கணிதக் கழகம் தொடங்கியபோது மட்டும் அதன் முதல் தலைவராக இருக்க இசைந்தார். அதைத் தோற்றுவித்த இளைஞர்களுள் ஒருவர் அவர் மகன் ஜார்ஜ்.

மறு ஆண்டில், 1866இல், பழைய வினா மீண்டும் எழுந்தது. உளவியல், தருக்கப் பேராசிரியர் பதவிக்கு ஜேம்ஸ் மார்ட்டினோ என்பவரின் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. அவர் திரித்துவக் கோட்பாட்டை ஏற்காத கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த போதகர் என்பதனால் நிருவாகம் அவரை மறுத்தது. சமயச் சோதனை இல்லை என்ற வாக்குறுதியின் பேரில் எழுந்த நிறுவனம் அந்த வாக்கை மீறிவிட்டது என்று டி மோர்கன் கருதினார். அவருக்கு அப்போது அறுபது வயது. வேறு வருமானம் பெரிதாக இல்லை. பதவியைத் துறந்தார். அவருடைய உருவத்தைச் செதுக்கிக் கல்லூரியில் வைக்க மாணவர்கள் விரும்பியபோது, தாம் அறிந்த கல்லூரி இப்போது இல்லை என்று அதற்கும் இணங்கவில்லை.

நம்பாததில் கையொப்பமிட மறுத்த இருபது வயது இளைஞரும், விளங்காத குறியை விளங்கும்வரை ஏற்க மறுத்த கணிதரும், அறுபதில் வேலையை உதறியவரும் ஒரே மனிதர்தான். அவருடைய கணிதத்தையும் மனச்சான்றையும் தனித்தனியாக எழுதும் வாழ்க்கை வரலாறுகள் நமக்கு நிறைவு தருவதில்லை.

அதன்பின் வந்தவை துயரங்கள். 1867இல் ஜார்ஜ் இறந்தார். 1870இல் ஒரு மகளும் இறந்தார். உடல்நலம் குன்றி, 1871 மார்ச் 18ஆம் நாள் இலண்டனில் டி மோர்கன் காலமானார். மற்றொரு மகன் வில்லியம், ஓடுகளில் வண்ணச் சித்திரம் தீட்டும் கலைஞராகவும் பின்னர் நாவலாசிரியராகவும் புகழ்பெற்றார். சோபியா தம் கணவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதி 1882இல் வெளியிட்டார்.

வாழ்நாள் முழுவதும் பழைய கணித நூல்களைத் தேடித்தேடிச் சேர்த்தவர் அவர். ஆயிரக்கணக்கான அந்நூல்களின் ஓரங்களில் அவருடைய கையெழுத்தில் குறிப்புகளும் நகைச்சுவைகளும் நிறைந்திருந்தன. அவர் இறந்தபின் ஓவர்ஸ்டோன் பிரபு அவற்றை விலைக்கு வாங்கி இலண்டன் பல்கலைக்கழகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். செனட் ஹவுஸ் நூலகத்தில் அவை இப்போதும் உள்ளன.